முனிலட்சுமி, வயது 49

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை குளிக்கும்போது ஸ்வாதிக்குச் சோப்பு வாசனை தெரியவில்லை. பற்பசையை முகர்ந்து பார்த்தாள். அறைத்தோழி தர்ஷினியின் தைலப் புட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு மூடியை இறுகத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

திங்கட்கிழமை பரிசோதனை முகாமில் நூற்று நாற்பது பேருக்கு மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தாள். எல்லோரும் போன பிறகு நூற்று நாற்பத்தொன்றாவதாகத் தனக்கும் எடுத்துக்கொண்டாள். படிவத்தில் எழுதினாள்: முனிலட்சுமி, வயது 49, பெண்.

அது அவள் அம்மாவின் பெயர்.

ஸ்வாதி ஹவுஸ் சர்ஜன். எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருந்தாள். கல்லூரி வேறு மாவட்டத்தில். கொரோனாவின் இரண்டாவது அலை ஏறியதும் எட்டுப் பேரை இங்கே அனுப்பினார்கள். கிருஷ்ணகிரிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, மாணவர் விடுதி ஒன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். எட்டில் மூன்று பேர் நோய் வந்து படுத்தார்கள். படுத்த நாட்கள் பயிற்சிக் கணக்கில் சேரவில்லை. ஐந்து பேர் எட்டுப் பேரின் வேலையைப் பார்த்தார்கள். ஸ்வாதியின் பயிற்சி முடிய இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

அவளுக்கு முதலில் தனக்கு மட்டும் தெரிய வேண்டும். நெகட்டிவ் என்றால் மறந்துவிடலாம். பாசிட்டிவ் என்றால் சொல்லிவிடலாம். இவ்வளவுதான் திட்டம். படிவத்துக்கு ஆதார் எண் வேண்டும். தன்னுடையதை எழுதினால் பயிற்சி மருத்துவர் என்று பட்டியலில் வந்துவிடும். அம்மாவின் எண் மனப்பாடம். வீட்டில் எந்த விண்ணப்பம் என்றாலும் அவள்தான் நிரப்புவாள். கைபேசி எண்ணை மட்டும் தன்னுடையதாகப் போட்டாள்.

மூன்று மாதத்தில் ஆயிரம் படிவங்களாவது நிரப்பியிருப்பாள். ஆனால் படிவம் மேசையை விட்டுப் போன பிறகு எங்கெல்லாம் போகிறது என்று அவளோ மற்றவர்களோ பார்த்ததில்லை. ஆதார் எண்ணுக்குப் பின்னால் ஒரு முகவரி வரும். முகவரியைத் தேடி ஒரு சுகாதார ஆய்வாளர் வருவார்.

அந்த நாட்களில் அவள் அறையில் மற்ற இருவரையும் விட்டுத் தள்ளி, சன்னலோரம் படுத்தாள். தூங்கும்போதும் முகமூடியைக் கழற்றவில்லை. சாப்பாட்டை வராந்தாவுக்கு எடுத்துப் போனாள். தர்ஷினி கேட்டதற்குத் தொண்டை கரகரப்பு என்றாள். மூன்று நாள் காய்ச்சலை மறைத்துவிட்டு வந்த ஒரு லாரி டிரைவரை அதே வாரம் அவள் கோபித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கைபேசியை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கவச உடையை மாட்டிக்கொண்டாள். தர்ஷினி அவள் முதுகிலும் மார்பிலும் மார்க்கரால் பெயர் எழுதினாள். எட்டு மணிக்கு வார்டுக்குள் போனாள்.

எட்டுப் பத்துக்குப் பூட்டிய பெட்டிக்குள் குறுஞ்செய்தி வந்தது.

*

கெலமங்கலத்துக்கு வெளியே, முனிலட்சுமி வீட்டு முன்னால் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தாள். கூட நான்கு பெண்கள். பழுத்தது தனி, செங்காய் தனி, வெடித்தது தனி. ஒன்பதரை மணிக்கு சுகாதார ஆய்வாளர் கங்கப்பன் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தார். பின்னால் இரண்டு பேர் பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்தார்கள்.

முனிலட்சுமி யார் என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். முகமூடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு தள்ளி நிற்கச் சொன்னார். டெஸ்டில் பாசிட்டிவ் வந்திருக்கிறது என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் சென்னகிருஷ்ணன் வந்தார்.

"இவ வாசலத் தாண்டி மூணு வாரம் ஆச்சி சார். வீடு மாத்தி வந்துட்டீங்க."

கங்கப்பன் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். பெயர், வயது, கதவு எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம். எல்லாம் சரியாக இருந்தது.

"போன் நம்பர் கடைசில ஏழு ஏழு நாலு. காலைலேருந்து அடிக்கிறேன். எடுக்கவே மாட்றீங்களேம்மா."

முனிலட்சுமியின் போன் இடுப்பில் இருந்தது. அது காலையிலிருந்து அடிக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏழு ஏழு நாலு தெரியும். மகளோடு பேச வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த எண்ணைத்தான் ஒப்பித்து அடிக்கச் சொல்வாள்.

அவள் கொஞ்ச நேரம் தக்காளியைப் பார்த்தாள். தன் ஆதார் எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது ஒரே ஆள்தான். அந்த ஆள் ஏன் இப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. காரணம் இருக்கும் என்று மட்டும் தெரிந்தது. தான் இல்லை என்று சொன்னால் யார் என்று தேடுவார்கள் என்பதும் தெரிந்தது.

"நான் குடுத்ததுதான் சார்," என்றாள். "ஞாபகம் இல்ல."

சென்னகிருஷ்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "எப்பக் குடுத்த?"

"பாப்பாவப் பாக்கப் போனேனே, அப்ப."

"பஸ்ஸே ஓடல. எதுல போன?"

அவள் தெலுங்கில், சத்தமில்லாமல், அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அவருக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை முப்பது வருடமாகத் தெரியும். பேசாமல் இருந்தார்.

கங்கப்பன் அவள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். தொண்ணூற்றெட்டு. காய்ச்சலும் இல்லை. வீட்டில் தனி அறையும் தனிக் கழிவறையும் இருந்தால் இங்கேயே விட்டிருப்பேன், வெளியே ஒரே கழிவறைதான் இருக்கிறது, அதனால் கொரோனா மையத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னது அரசு விதி. அவர் குரலில் வேறு எதுவும் இல்லை. அன்று அது அவருக்கு ஏழாவது வீடு.

தக்காளி பிரித்த பெண்கள் எழுந்து தூரமாக நின்றார்கள். வெங்கடம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"டாக்டரப் பெத்தவளுக்கே வந்துருச்சி. நாமல்லாம் எம்மாத்திரம்," என்றாள். கூடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

வாசலில் தொற்று உள்ள வீடு என்ற தாளை ஒட்டினார்கள். முனிலட்சுமி கைகால் கழுவி, இரண்டு புடவையும் ஒரு சொம்பும் எடுத்துக்கொண்டாள். செங்காயை நிழலுக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் இருமினார். அவள் சன்னலோரமாக உட்கார்ந்தாள்.

அப்போது மணி பதினொன்றே முக்கால்.

*

அதே நேரத்தில் ஸ்வாதி முப்பத்தெட்டுக் கட்டில்களில் இருபத்தாறாவதில் இருந்தாள். ஒவ்வொருவருக்கும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு. கையுறைக்குள் வியர்வை தேங்கி விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. கவச உடையைப் போட்டால் ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர் கிடையாது, கழிவறை கிடையாது. அதனால் காலையில் பாதி டம்ளர் மட்டும் குடித்துவிட்டு வருவது அவர்கள் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கவிழ்ந்து படுக்க மறுத்தார். அவள் மார்பில் எழுதியிருந்ததைப் படித்து, "ஸ்வாதிம்மா, உன் மொகத்த ஒரு தடவ காட்டு, அப்பறம் கவுந்துக்கறேன்," என்றார். முகத்தைக் காட்ட முடியாது என்றாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கவிழ்ந்தார். எண்பத்தெட்டாக இருந்த ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டாக ஏறியது. அவள் குறித்துக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு வெளியே வந்து, உடையைக் கழற்றி, குளித்தாள். சோப்பு வாசனை இன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தாள்.

தவறிய அழைப்புகள் இருபத்தொன்று. தெரியாத எண்ணிலிருந்து ஆறு. மீதி அண்ணன் சுரேந்தர். அவற்றுக்குக் கீழே அந்தக் குறுஞ்செய்தி. முனிலட்சுமி, 49, பாசிட்டிவ்.

சுரேந்தருக்கு அடித்தாள். அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் தொற்று இருக்கிறவர்களின் பட்டியல் கம்பெனிக்குப் போயிருந்தது. செக்யூரிட்டி அவனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவன் காண்ட்ராக்ட் தொழிலாளி. பதினான்கு நாள் கழித்துப் போனால் அவன் மெஷினில் வேறு ஆள் இருப்பான்.

"அம்மா எப்ப டெஸ்ட் குடுத்துச்சி?" என்று கேட்டான். "எனக்கு ஒரு வார்த்த சொல்லல. வேன்ல ஏத்திட்டாங்களாம். அப்பாவுக்குப் பேசவே வரல."

"அண்ணா, அது அம்மாவோடது இல்ல. என்னோடது."

அவன் பக்கத்தில் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"உன்னோடதுன்னா?"

நான்கு வாக்கியத்தில் சொன்னாள். ஐந்தாவதுக்கு எதுவும் மிச்சமில்லை.

"டாக்டருக்குப் படிச்சவளா நீ?" என்றான் சுரேந்தர். பிறகு, "காய்ச்சல் இருக்குதா உனக்கு?"

"இல்ல."

"மூச்சு?"

"தொண்ணூத்தாறு."

"அது நல்லதா கெட்டதா எனக்கு என்னா தெரியும். வாயத் தொறந்து சொல்லு."

"நல்லதுதாண்ணா."

அம்மாவை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டான். அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அம்மாவின் போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது. அவளைக் கொண்டுபோன மையம், தேன்கனிக்கோட்டை ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபம். கட்டில் கட்டிலாகப் போட்டிருக்கிறார்கள், முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்று முனிலட்சுமி ஊர்க் கதை சொல்வதுபோலச் சொன்னாள். மகளிடம் ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை.

"நீ வாயத் தொறக்காத பாப்பா. பத்து நாள்தான. சோறு போடறாங்க, மேல ஃபேன் ஓடுது. தக்காளி பொறுக்கறதுக்கு இது மேலு."

பத்து நாள். ஸ்வாதி மனதில் அதைப் பத்தொன்பதிலிருந்து கழித்துப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. தாள் அம்மா பெயரில் இருக்கிறது. அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டாள். தன் உடம்பு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். சான்றிதழ் தேதி மாறாது.

"பக்கத்துக் கட்டில்ல யாரும்மா?"

"சூளகிரிக்காரம்மா ஒண்ணு. இருமிட்டே கெடக்குது, பாவம். எந்திரிக்க முடியல. நாந்தான் தலையத் தூக்கித் தண்ணி குடுத்தேன்."

ஸ்வாதி கண்ணை மூடினாள். இருமுகிறவரின் முகத்துக்கும் தண்ணீர் கொடுக்கிறவரின் முகத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு முழங்கூட இருக்காது.

"அம்மா, மாஸ்க்கக் கழட்டாத. கட்டில விட்டு எந்திரிச்சி வெளிய வராண்டாவுல போய் உக்காரு. யாருக்கும் தண்ணி குடுக்காத. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"நீ யார்கிட்டயும் சொல்லல இல்ல?"

"இப்பப் போயி சொல்லப் போறேன்."

முனிலட்சுமி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஸ்வாதி வைத்துவிட்டாள்.

*

பொறுப்பு மருத்துவர் பிரதாப் கட்டடத்துக்குப் பின்னால், ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கும் இடத்தில் நின்றிருந்தார். அவள் பத்தடி தள்ளி நின்று சொன்னாள். அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சுவர் மேல் வைத்தார். அதை அவர் மறுபடி எடுக்கவில்லை.

"எத்தன நாளா வாசன தெரியல?"

"சனிக்கிழமைலேர்ந்து சார்."

"அத்தன நாளும் வார்டுக்கு வந்திருக்கீங்க."

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று அவள் தயாராக வந்திருந்தாள். அவர் மனதுக்குள் ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒன்று போனால் நான்கு. அறையில் கூட இருந்தவர்களையும் அனுப்பிவிட்டால் இரண்டு. கூட இருந்தவர்கள் பரிசோதனை செய்துகொண்டு, முகமூடியோடு வேலை பார்க்கட்டும், வேறு வழியில்லை என்றார். அவளைத் தனி அறைக்குப் போகச் சொன்னார்.

"உங்க அம்மாவுக்கு நான் போன் பண்றேன், அந்த வட்டார டாக்டர்கிட்ட. ஆனா வாயால சொன்னா விடமாட்டாங்க, எழுதிக் கேப்பாங்க. எழுதினா உங்க காலேஜுக்கும் போகும். மறைக்க முடியாது."

"எழுதுங்க சார்."

"பேர மாத்திப் போட்டது விசாரணைக்கு வரும். சர்டிபிகேட்ட நிறுத்தி வைப்பாங்களோ என்னவோ, எனக்குத் தெரியாது." பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் அவள் சொந்தப் பெயரில் மறுபடி சளி எடுக்க வேண்டும். தர்ஷினிதான் எடுத்தாள். தர்ஷினி ஓசூரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு அப்பா ஊர்த் தமிழ் வந்துவிடும்.

"தொண்ட கரகரப்புன்னு சொன்னேல்லா," என்றாள் தர்ஷினி. "ஞாயித்துக்கிழம எங்க அப்பாவப் பாத்துட்டு வந்தேன். அவுகளுக்கு ஆஸ்துமா. எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா."

தர்ஷினி அப்பாவின் ஆஸ்துமா ஸ்வாதிக்குத் தெரியும். அவள் போட்ட கணக்கில் அது இல்லை.

தர்ஷினி குச்சியை மூக்குக்குள் விட்டாள். தேவையான நேரத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஸ்வாதியின் கண்ணில் நீர் வந்தது. தர்ஷினி படிவத்தை எழுதினாள். பெயர், வயது 24, தொழில் பயிற்சி மருத்துவர். எண்ணைக் கேட்டாள். ஸ்வாதி தன் ஆதார் எண்ணைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நின்றாள். அது அவளுக்கு மனப்பாடம் இல்லை. பையிலிருந்து அட்டையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"வாயில வெந்நீ வச்சிக் கொப்புளி. ராத்திரி ஆக்சிஜன் பாத்து எனக்கு அனுப்பு," என்றாள் தர்ஷினி. "நான் பேசமாட்டேன். நம்பர மட்டும் அனுப்பு."

*

ஆறு இருபதுக்கு முனிலட்சுமியை வெளியே விட்டார்கள்.

வெறும் வேனில் தனியாக வந்து இறங்கினாள். சென்னகிருஷ்ணன் அவள் தனியாகத் தங்க, தோட்டத்து மோட்டார் ரூமைக் கூட்டிக் கழுவி, கட்டில் போட்டு வைத்திருந்தார். விஷயம் அவருக்கு சுரேந்தர் சொல்லித்தான் தெரியும். வாசலில் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அதை எடுக்க மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். செங்காயெல்லாம் நிழலில் இருந்தது. பழுத்ததைப் பிரிக்க யாரும் வரவில்லை.

ஏழு மணிக்குக் கங்கப்பன் ஸ்வாதிக்கு அடித்தார். காலையில் ஆறு தடவை அடித்து எடுக்கப்படாத அதே எண். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள். அவர் குரலில் கோபம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். சோர்வு மட்டும்தான் இருந்தது. பதினான்கு வீடு போய்விட்டு வந்திருந்தார்.

"உங்க அம்மாவுக்கு இப்பவே எடுத்துப் பாத்துடலாமா மேடம்? உங்க அப்பா அதத்தான் கேக்கறாரு. நெகட்டிவ்னு வந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

வேண்டாம் என்றாள். இன்று எடுத்தால் நெகட்டிவ்தான் வரும். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. கிருமி உள்ளே போயிருந்தாலும் அது வளர்ந்து குச்சியில் தெரிவதற்கு ஐந்து நாளாவது வேண்டும். வேனிலும் மண்டபத்திலுமாக அம்மா இருந்தது ஆறு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். இதை அவள் மத்தியானத்திலிருந்து பல தடவை கணக்குப் போட்டுவிட்டாள்.

"அப்ப திங்கக்கிழமை," என்றார் கங்கப்பன். "நானே வந்து எடுத்துக்கறேன். ஃபாரத்த மட்டும் இப்பவே எழுதி வச்சிக்கறேன், மறுபடியும் எதுவும் மாறிடக் கூடாது பாருங்க. பேரு முனிலட்சுமி. வயசு?"

"நாப்பத்தொம்பது."

ஆதார் எண் கேட்டார். சொன்னாள். கைபேசி எண் எதைப் போடுவது என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டாராம். பாப்பா நம்பரையே போடச் சொன்னாளாம்.

"அதையே போடுங்க," என்றாள் ஸ்வாதி.

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. அவர் அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"அறிகுறி, இல்லன்னு போட்டுக்கறேன்."

"சார்," என்றாள் ஸ்வாதி. "அது ஒண்ண மட்டும் திங்கக்கிழமை எழுதிக்குங்க."